கட்டிங் மெஷினில் தாள் கூடை: வெட்டை விட மடிப்புக்கு நேரம் கொடுங்கள்

கேள்வி இது: "கட்டிங் மெஷின் வாங்கிச் சில மாதங்கள் ஆகின்றன. வாழ்த்து அட்டை, பெயர்ப்பட்டை, சுவரில் ஒட்டும் எழுத்து எல்லாம் நன்றாக வருகிறது. அலங்காரக் கூடை மட்டும் கைக்கு வரவில்லை. மடிக்கிற இடத்தில் தாள் வெடித்து வெள்ளையாகத் தெரிகிறது. ஒருமுறை மடிப்புக் கோடுகள் எல்லாம் தாளின் வேறொரு மூலையில் போய் விழுந்தன. எப்படியோ ஒட்டி முடித்தால், தூக்கும்போது கைப்பிடி கையோடு வந்துவிடுகிறது. எங்கே தப்பு செய்கிறேன்?"

மூன்றும் வேறு வேறு கோளாறு மாதிரி தெரிந்தாலும் மூன்றுக்கும் வேர் ஒன்றுதான். வாழ்த்து அட்டைக்கு வெட்டு சரியாக விழுந்தால் பாதி வேலை முடிந்தது. கூடைக்கு அப்படி இல்லை. கணினியில் வரைந்த வடிவத்தை வெட்டி மெஷின் தருவது ஒரு தட்டையான தாள். அது எழுந்து நிற்பது மடிப்பால், நின்றபடியே இருப்பது ஒட்டால். இந்த இரண்டையும் கணினித் திரையில் இருக்கும்போதே யோசித்து வைத்திருக்க வேண்டும். வெட்டி முடித்த பிறகு யோசித்தால் தாமதம். அதனால் வரிசையாகச் சொல்கிறேன், தாளிலிருந்து ஆரம்பித்து.

கூடைக்கு 176 முதல் 220 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) வரையுள்ள கார்டுஸ்டாக், அதாவது வாழ்த்து அட்டை மாதிரிக் கெட்டியான தாள், போதும். கிரிகட் மெஷின்களின் டிசைன் ஸ்பேஸ் மென்பொருளில் லைட் கார்டுஸ்டாக், மீடியம் கார்டுஸ்டாக் என்று வருகிற அமைப்புகள் ஏறக்குறைய இந்த எடைகளுக்குத்தான்: 176 ஜிஎஸ்எம் அங்கே 65 பவுண்டு, 216 ஜிஎஸ்எம் 80 பவுண்டு. சாதாரண நகல் தாள் 75 அல்லது 80 ஜிஎஸ்எம், அது கூடையாக நிற்காது. 300 ஜிஎஸ்எம்முக்குப் போனால் உறுதி கூடும் என்று தோன்றும். ஆனால் மடிப்பில் வெடிக்கும், ஒட்டும் இடத்தில் திமிறிக்கொண்டு நிற்கும். புதிதாகச் செய்கிறவர்கள் தடித்த தாளைத் தேடிப் போவதை அடிக்கடி பார்க்கிறேன். உறுதிக்கு வேறு வழி இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

எடையை விட முக்கியமான இரண்டு விஷயங்கள் பாக்கெட்டின் மேல் பெரிதாக எழுதியிருக்காது. முதலாவது, நிறம் தாளின் நடுவரை இருக்கிறதா என்பது. ஓரத்தில் ஒரு துண்டைக் கிழித்துப் பாருங்கள். கிழிந்த இடத்திலும் அதே நிறம் என்றால் நல்லது. வெள்ளையாகத் தெரிந்தால் நிறம் மேல்பூச்சு மட்டும்தான், நடுவில் வெள்ளைக் கரு. அந்தத் தாளை எவ்வளவு பக்குவமாக மடித்தாலும் முனையில் ஒரு வெள்ளைக் கோடு எட்டிப் பார்க்கும். உங்கள் கூடை வெடித்து வெள்ளையாகத் தெரிந்தது என்கிறீர்களே, பாதிக் காரணம் இதுவாக இருக்கலாம். வீட்டில் இருப்பது அந்தத் தாள்தான் என்றால், அதே நிறத்துப் பென்சிலையோ ஸ்டாம்ப் மைப்பட்டையையோ மடிப்பு முனைகளில் லேசாகத் தேய்த்துவிட்டால் பெரும்பாலும் மறைந்துவிடும்.

இரண்டாவது, இழையோட்டம். மெஷினில் செய்யும் தாளில் நார்கள் பெரும்பாலும் ஒரே பக்கமாகப் படிந்திருக்கும். அந்தத் திசையோடு மடித்தால் தாள் சொன்னபடி கேட்கும். குறுக்கே மடித்தால் நார்கள் முறிந்து வெடிக்கும். கண்டுபிடிப்பது சுலபம்: தாளை மடிக்காமல், இரண்டு எதிர் ஓரங்களைப் பிடித்து மெல்ல வளைத்து உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். அப்புறம் தாளைக் கால் வட்டம் திருப்பி அதே மாதிரி செய்யுங்கள். ஒரு பக்கம் மெத்தென்று படியும், இன்னொரு பக்கம் எதிர்த்து நிற்கும். மெத்தென்று படிந்தபோது வளைவு எந்தக் கோட்டில் விழுந்ததோ, இழை அந்தக் கோட்டோடு ஓடுகிறது. கூடைக்கு எல்லாத் திசையிலும் மடிப்பு உண்டு, ஆகவே எல்லா மடிப்பையும் இழையோடு அமைக்க முடியாது. கைப்பிடிக்கு மட்டும் கட்டாயம் பார்க்க வேண்டும், அதற்கு அங்கே வருகிறேன்.

சரி, வடிவம். எந்தக் கூடையில் ஆரம்பிப்பது என்று கேட்டால் அறுகோணக் கூடை என்பேன். சதுரக் கூடை பெட்டி மாதிரி தெரியும். வட்டக் கூடைக்கு அடிப்பாகத்தைத் தனியாக ஒட்ட வேண்டும். அறுகோணத்தில் அடியும் ஆறு சுவரும் ஒரே தாளிலிருந்து பூப்போல விரிகின்றன. அடியில் ஒட்டு இல்லாததால் அடி பெயர்ந்து விழும் பேச்சே கிடையாது.

ஒரு அளவு தருகிறேன், 12 அங்குலத் தாளுக்கு இது கச்சிதம். அடி அறுகோணத்தின் பக்கம் 5 செ.மீ., வாயின் பக்கம் 7 செ.மீ., நிற்கும்போது உயரம் 8 செ.மீ. சுவர் வெளிப்பக்கமாகச் சாய்வதால் அதன் நீளம் 8 செ.மீ.க்குச் சற்றுக் கூடும். அறுகோணத்தின் மையத்திலிருந்து பக்கத்தின் நடுவுக்கு உள்ள தூரம், பக்க நீளத்தை 0.866 ஆல் பெருக்கினால் வரும். அடிக்கு 4.33, வாய்க்கு 6.06. வித்தியாசம் 1.73. உயரம் 8, சாய்வு 1.73 என்று செங்கோண முக்கோணத்தில் போட்டால் சுவரின் நீளம் 8.19 செ.மீ. ஆகவே ஒவ்வொரு சுவரும் கீழே 5, மேலே 7, நடுவில் 8.19 செ.மீ. உள்ள ஒரு சரிவகம். ஆறு சரிவகங்களையும் அறுகோணத்தின் ஆறு பக்கத்திலும் வைத்தால் ஒரு சுவரின் மேல்விளிம்பிலிருந்து எதிர்ச் சுவரின் மேல்விளிம்பு வரை சுமார் 25 செ.மீ. வரும்.

ஒவ்வொரு சுவரின் மேலும் 12 மி.மீ. அகலத்தில் ஒரு மடல் சேருங்கள். இதை உள்பக்கமாக மடித்து ஒட்டினால் கூடையின் வாய் இரட்டைத் தாளாகிவிடும். தடித்த தாளிலிருந்து எதிர்பார்த்த உறுதி இங்கே கிடைக்கிறது. வெட்டிய விளிம்பும் வெளியே தெரியாது. சுவர் கீழே போகப் போகக் குறுகுவதால் இந்த மடலின் இரண்டு ஓரங்களையும் உள்நோக்கி 10, 15 பாகை சாய்த்து வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் மடித்ததும் பக்கத்து மடலோடு முட்டும். மடல்களோடு சேர்த்து மொத்த விரிவு சுமார் 27.5 செ.மீ. 12 அங்குல மேட்டில் (தாளை ஒட்டி மெஷினுக்குள் அனுப்பும் பிசுபிசுப்பான விரிப்பு) கிரிகட் வெட்டும் பரப்பு 11.5 அங்குலம், அதாவது 29.2 செ.மீ. அடங்கிவிடும். ஏ4 தாள்தான் இருக்கிறது என்றால் எல்லா அளவையும் எழுபது சதவீதமாக்குங்கள். மடல்கள் மட்டும் அதே அகலத்தில் இருக்கட்டும், சுருக்கினால் ஒட்டப் பிடிப்பு இருக்காது.

அடுத்து பக்க மடல். ஒவ்வொரு சுவரின் ஒரு பக்கத்தில் மட்டும், எல்லாவற்றிலும் ஒரே பக்கத்தில், 9 மி.மீ. அகலத்தில் ஒட்டு மடல் வேண்டும். தட்டையாக விரித்திருக்கும்போது இரண்டு சுவர்களுக்கு நடுவே அடி முனையில் இருக்கும் இடைவெளி 46 பாகைதான். ஒட்டு மடலின் கீழ்முனை அதை விட விரிந்தால் பக்கத்துச் சுவரின் இடத்தைத் தின்றுவிடும். கீழ்முனையை 40 பாகைக்குள் சாய்த்துவிடுங்கள். மேல்முனையையும் சாய்த்தால், வாய் மடல் அதன் மேல் வந்து படியும்போது தடிப்பு குறையும்.

வட்டக் கூடைதான் வேண்டும் என்கிறவர்களுக்கு ஒரு வழி. அடி ஆரம் 4, வாய் ஆரம் 6, சாய்வு நீளம் 8 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். அடி ஆரத்தைச் சாய்வு நீளத்தால் பெருக்கி, இரண்டு ஆரங்களின் வித்தியாசத்தால் வகுத்தால் 16. அது உள்வளைவின் ஆரம். அதோடு 8 சேர்த்தால் 24, வெளிவளைவின் ஆரம். கோணம், 360ஐ வித்தியாசத்தால் பெருக்கிச் சாய்வு நீளத்தால் வகுத்தால் 90 பாகை. அதாவது 24 செ.மீ. ஆரமுள்ள கால் வட்டத்திலிருந்து 16 செ.மீ. கால் வட்டத்தை எடுத்துவிட்டால் மீதி இருப்பதுதான் சுவர். ஒரு ஓரத்தில் 1 செ.மீ. ஒட்டு மடலும், அடிவளைவில் பல் பல்லாகச் சிறு மடல்களும் சேர்த்தால் போதும். இந்த விகிதம் கால் வட்டத்தில் வந்து முடிவதால் முதல் வட்டக் கூடைக்கு வசதியானது.

இப்போது மடிப்புக்கு வருவோம். நிதானமாகப் படிக்க வேண்டிய இடம் இதுதான்.

டிசைன் கோப்பை எஸ்விஜியாக (வடிவத்தைக் கோடுகளாகச் சேமிக்கும் கோப்பு வகை) திறந்ததும் டிசைன் ஸ்பேஸ் எல்லாக் கோடுகளையும் வெட்டும் கோடுகளாகத்தான் எடுத்துக்கொள்ளும். மடிப்புக் கோடு எது என்று அதற்குத் தெரியாது. அப்படியே அனுப்பினால் கூடை தனித்தனித் துண்டுகளாக வந்து சேரும். முதலில் குழுவைப் பிரித்து, மடிப்புக் கோடுகளை மட்டும் தேர்ந்தெடுத்து, வேலை வகையை ஸ்கோர், அதாவது மடிப்புத் தடம், என்று மாற்றுங்கள். அதோடு விடாமல், மடிப்புக் கோடுகளையும் வெளிக்கோட்டையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து அட்டாச் கொடுக்க வேண்டும். உங்கள் கோடுகள் வேறொரு மூலையில் போய் விழுந்ததற்குக் காரணம் இந்த அட்டாச் விட்டுப்போனதுதான். திரையில் ஒன்றன் மேல் ஒன்றாக இருப்பது போலத் தெரிந்தாலும், அட்டாச் செய்யாத உருவங்களை மென்பொருள் தாள் மிச்சமாகும்படி தன் விருப்பத்துக்கு அடுக்கிவிடும். குரூப் என்பது வேறு, அட்டாச் என்பது வேறு. குரூப் திரையில் நகர்த்துவதற்கு மட்டும். மேட்டில் இடம் மாறாமல் பிடித்து வைப்பது அட்டாச். மேக் இட் அழுத்தியதும் வரும் முன்னோட்டத்தில் கோடுகள் கூடைக்குள்ளேயே இருக்கின்றனவா என்று ஒரு நொடி பார்த்துவிட்டால் ஒரு தாள் மிச்சம்.

அளவையும் அங்கேயே பாருங்கள். கோப்பை உருவாக்கிய மென்பொருள் ஓர் அங்குலத்துக்கு 72 புள்ளி என்றும், திறக்கும் மென்பொருள் 96 புள்ளி என்றும் கொண்டால் கூடையே சுருங்கியோ பெருத்தோ வரும். மொத்த அகலம் 27.5 செ.மீ. என்று தெரிந்து வைத்திருந்தால் உடனே பிடித்துவிடலாம்.

சிலவெட் கேமியோ வைத்திருப்பவர்களுக்குப் பாதை கொஞ்சம் மாறும். சிலவெட் ஸ்டுடியோவின் இலவசப் பதிப்பு வெளியிலிருந்து வரும் எஸ்விஜியைத் திறக்காது, டிஎக்ஸ்எஃப் கோப்பைத் திறக்கும். மடிப்புக் கோடுகளை விட்டு விட்டு வெட்டும் கோடாக மாற்றுவது அங்கே வழக்கம். பிரதர் ஸ்கேன்என்கட் மெஷினில் ஸ்கேனர் உள்ளேயே இருப்பதால், கறுப்புப் பேனாவில் கையால் வரைந்த வடிவத்தைக் கூட வருடி வெட்டிக்கொள்ளலாம். வரைவதில் கை தேர்ந்தவர்களுக்கு அது பெரிய வசதி.

மடிப்புத் தடம் போட மூன்று வழி. ஸ்கோரிங் ஸ்டைலஸ் என்பது மழுங்கிய முனையுள்ள பேனா. கிரிகட் எக்ஸ்ப்ளோர், மேக்கர் இரண்டிலும் பிளேடுக்குப் பக்கத்துக் கிளாம்ப்பில் பொருந்தி ஒரே ஓட்டத்தில் முதலில் தடம் போட்டு, பிறகு வெட்டும். ஸ்கோரிங் வீல் மேக்கர் வகைக்கு மட்டும். அழுத்தம் அதிகம், தடம் ஆழமாக விழும், நடுவில் கருவியை மாற்ற வேண்டும். மூன்றாவது, விட்டு விட்டு வெட்டுவது. கூடைக்கு எனக்குப் பிடித்தது ஸ்டைலஸ். தடம் ஆழம் போதவில்லை என்றால் அதே கோட்டை நகலெடுத்து அதன் மேலேயே வைத்து அட்டாச் செய்யுங்கள், ஸ்டைலஸ் இரண்டு முறை ஓடும். எதுவுமே இல்லையென்றால், வெட்டிய பிறகு அளவுகோல் வைத்து மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் அழுத்திக் கோடு போடுங்கள். அதுவும் நன்றாகவே மடியும்.

விட்டு விட்டு வெட்டுகிறீர்கள் என்றால் ஒரு எச்சரிக்கை. மடிப்புக் கோட்டின் கடைசி வெட்டு வெளிக்கோட்டைத் தொட்டால் கிழிசல் அங்கேதான் தொடங்கும். கோட்டின் இரண்டு முனையையும் ஒரு மில்லிமீட்டர் உள்ளே இழுத்துவிடுங்கள்.

இன்னொன்று, எந்தப் பக்கம் மடிப்பது? ஸ்டைலஸ் அழுத்தியதும் மேல்பக்கத்தில் ஒரு பள்ளம், பின்பக்கத்தில் மெல்லிய புடைப்பு. பள்ளத்துக்குள் மடிப்பதுதான் இயல்பு என்று கை நினைக்கும். அச்சகத்தில் மடிப்பு வேலை செய்கிறவர்கள் அதற்கு நேர் எதிராகச் செய்வார்கள்: பள்ளம் வெளியே, புடைப்பு உள்ளே. புடைப்பு ஒரு கீல் மாதிரி உள்ளே உட்கார்ந்துகொள்ள, வெளிநார்கள் அளவுக்கு மீறி இழுபடாமல் வளைகின்றன. கூடைக்கு இது தானாகவே அமைந்துவிடும். நல்ல பக்கத்தை மேலே வைத்து வெட்டுங்கள், பள்ளம் நல்ல பக்கத்தில் விழும், நல்ல பக்கம் வெளியே இருக்கும்படி சுவரை எழுப்புங்கள். தாளைத் தவறுதலாகக் குப்புறப் போட்டு வெட்டினால் எல்லா மடிப்பும் தலைகீழாகும். வெடிப்புக்கு மீதிப் பாதிக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். மினுக்குத் தாள் மட்டும் விதிவிலக்கு. அதன் மேல்பக்கத்தில் தடம் சரியாகப் பதியாது, பிளேடும் சீக்கிரம் மழுங்கும். அதைக் குப்புறப் போட்டு, டிசைனை மிரர் செய்து (இடம் வலமாகத் திருப்பி), வெள்ளைப் பக்கத்திலிருந்தே வெட்டலாம்.

அலங்காரத்துக்குப் போகலாம். சுவரில் கொடி, பூ, வலைப்பின்னல் என்று துளை வேலை செய்தால்தான் மெஷின் வாங்கியதற்கு அர்த்தம், கையால் அந்த நுணுக்கம் வராது. ஆனால் துளை எங்கே நிற்க வேண்டும் என்பதை மடிப்புதான் முடிவு செய்கிறது. பக்க மடல் உள்ளே 9 மி.மீ. வருகிறது. துளை அதற்குள் நீண்டால் ஓட்டை வழியாக மடலும் பசையும் தெரியும். அதனால் சுவரின் இரண்டு பக்கமும் 1 செ.மீ. விட்டு, மேலே வாய் மடலுக்கு 14 மி.மீ. விட்டு, அடியிலும் 1 செ.மீ. விட்டு, நடுவில் கிடைக்கும் சின்னச் சரிவகத்துக்குள் டிசைனை அடக்குங்கள். துளைகளுக்கு நடுவே நிற்கும் இழை 2 மி.மீ.க்குக் குறையக் கூடாது. மடிப்புக் கோட்டைத் தாண்டிப் போகிற டிசைன் திரையில் அழகாக இருக்கும், மடித்ததும் அந்த இடத்தில் கோடு நெளிந்து கூடை ஒருபக்கம் சாயும். ஆறு சுவரிலும் துளை போட வேண்டும் என்றும் இல்லை. ஒன்று விட்டு ஒன்றாக மூன்று சுவரில் போட்டு, கைப்பிடி ஒட்டும் சுவர்களில் ஒன்று துளையுள்ளதாக அமைந்தால் அதில் மட்டும் டிசைனைச் சிறியதாக்கிக் கீழே இறக்கி, மேல் 3 செ.மீ. வெறுமையாக விடுங்கள். துளைக்குப் பின்னால் வேறு நிறத் தாளையோ, வெளிச்சம் ஊடுருவும் வெல்லம் (vellum) தாளையோ ஒட்டுவதாக இருந்தால், தட்டையாக இருக்கும்போதே ஒட்டிவிட வேண்டும். எழுப்பிய பிறகு உள்ளே கை போகாது.

மேட் பற்றிச் சுருக்கமாக. கார்டுஸ்டாக்குக்குப் பச்சை நிற ஸ்டாண்டர்டு கிரிப் மேட். புது மேட்டாக இருந்து ஒட்டும் பிடிப்பு அதிகமென்றால் நீல நிற லைட் கிரிப் போதும். தாளை வைத்ததும் உருளையாலோ உள்ளங்கையாலோ நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்துங்கள். துளை வேலை இருந்தால் நுணுக்க வெட்டுக்கான கார்டுஸ்டாக் அமைப்பைத் தேர்ந்தெடுங்கள். முதலில் ஓரத்தில் ஒரு சின்னப் பூ வெட்டிப் பாருங்கள்.

வெட்டு முடிந்ததும் மேட்டை வெளியே எடுக்கிற பொத்தானை அழுத்தாதீர்கள். மேட் உள்ளேயே இருக்க, கைக்கு எட்டும் ஒரு ஓரத்தை நகத்தால் மெல்ல நெம்பிப் பாருங்கள். தாள் சுத்தமாகப் பிரிந்தால் சரி. நூல் நூலாக ஒட்டிக்கொண்டு வந்தால் இன்னொரு முறை வெட்டச் சொல்லுங்கள், அதே கோட்டில் பிசகாமல் ஓடும். ஒருமுறை வெளியே எடுத்துவிட்டால் அந்த இடம் திரும்ப அமையாது. அப்புறம் மேட்டை மேசையில் குப்புறக் கவிழ்த்து, தாளை மேசையோடு ஒரு கையால் அழுத்தி, மேட்டின் ஓரத்தைத் தூக்கி மேட்டைத் தாளிலிருந்து உரியுங்கள். தாளை மேட்டிலிருந்து உரித்தால் சுருண்டுகொள்ளும், 2 மி.மீ. இழைகள் அறுந்தும் போகும். உள்துளைத் துண்டுகளில் பாதி மேட்டிலேயே தங்கிவிடும். மீதியை ஊசி முனையால் பின்பக்கத்திலிருந்து தள்ளுங்கள்.

இனி மடிப்பு. பசையைத் திறக்கும் முன் எல்லாக் கோடுகளையும் ஒருமுறை மடித்து விரித்துவிடுங்கள். அளவுகோலைத் தடத்தின் ஓரத்தில் வைத்து, சுவரை அதற்கு எதிராக எழுப்புங்கள். தடம் சரியாக இருந்தால் தாள் எதிர்ப்பில்லாமல் வளையும், விரலில் ஒரு மெல்லிய 'டக்' மட்டும் தெரியும். மொறுமொறுவென்று சத்தம் வந்தால் நார் முறிகிறது, உடனே நிறுத்தி, அந்தக் கோட்டை பால்பாயிண்ட் பேனாவால் இன்னும் ஒருமுறை அழுத்துங்கள். மடித்த பிறகு போன் ஃபோல்டராலோ (மடிப்பை நீவும் தட்டையான கருவி) கரண்டியின் பின்பக்கத்தாலோ முனையை நீவிவிடுங்கள். பளபளப்பு ஏறாமல் இருக்க நடுவில் ஒரு துண்டுத் தாள் வைத்து நீவலாம்.

பசைக்கு, கெட்டியான வெள்ளைப் பசையைச் சிபாரிசு செய்வேன். டபுள் சைடு டேப் உடனே பிடிக்கும், ஆனால் தவறாக வைத்தால் திருத்த முடியாது. ஆறாவது முனையில்தான் தவறு தெரியும். வெள்ளைப் பசை கொஞ்ச நேரம் நகர்த்த இடம் கொடுக்கும். மடலின் நடுவில் மெல்லிய ஒரு கோடு, விரலால் பரப்பினால் தாள் தெரியும் அளவு போதும். அதிகமானால் ஈரம் ஏறித் தாள் அலை அலையாகும். ஐந்து முனைகளை வரிசையாக ஒட்டி ஒவ்வொன்றையும் துணிக்கிளிப்பால் பிடித்து வையுங்கள். கிளிப்பின் பல் பதியாமல் இருக்க இடையில் தாள் துண்டு. ஆறாவது முனையை ஒட்டும் முன் கூடையை மேசையில் நிறுத்தி, வாயை மேலிருந்து பாருங்கள். அறுகோணம் ஒழுங்காக இருந்தால் மூடுங்கள். பக்கங்கள் காய்ந்த பிறகே வாய் மடல்களை உள்ளே மடித்து ஒட்ட வேண்டும்.

கைப்பிடி. நான் ஒருவருக்குப் பரிசாகச் செய்த கூடையில் இதே மாதிரி நடந்தது. அவர் வாங்கித் தூக்கிய உடனே ஒரு பக்கம் கழன்றது. எடுத்துப் பார்த்தால் பசை விடவே இல்லை. கைப்பிடியின் முனையில் கூடைச் சுவரின் மேல்தோல் அப்படியே உரிந்து ஒட்டியிருந்தது. ஒட்டு தாளை விட வலுவாக இருந்திருக்கிறது, ஒட்டிய பரப்புதான் போதவில்லை. வாய்க்குக் கீழே ஒரு செ.மீ. மட்டும் ஒட்டியிருந்தேன். காகித ஒட்டு சறுக்கும் இழுப்பைத் தாங்கும், உரிக்கும் இழுப்பைத் தாங்காது. கைப்பிடி சுவரோடு நீளமாகப் படிந்திருந்தால் தூக்கும்போது இரண்டு தாளும் ஒன்றன் மேல் ஒன்று சறுக்கப் பார்க்கும், அந்த இழுப்பு பரப்பு முழுவதும் பகிரப்படும். முனை மட்டும் ஒட்டியிருந்தால் ஸ்டிக்கரை உரிப்பது மாதிரி ஓரத்திலிருந்து பிரிந்து வரும்.

ஆகவே இரு பக்கமும் 3 செ.மீ. உள்ளே இறங்கும்படி ஒட்டுங்கள். நம் கூடையின் வாய் எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே 12.1 செ.மீ. அரைவட்ட வளைவுக்கு 19 செ.மீ., இரு முனைக்கும் 3 வீதம் 6 செ.மீ., மொத்தம் 25 செ.மீ. நீளம், 2 செ.மீ. அகலம். இதே அளவில் இரண்டு பட்டைகள் வெட்டுங்கள். இங்கேதான் இழையோட்டம் வேலை செய்கிறது: பட்டையின் குறுக்கே இழை ஓடும்படி வெட்டினால் முறியாமல் வட்டமாக வளையும். ஒவ்வொரு முனையிலிருந்தும் 3 செ.மீ.யில் ஒரு மடிப்புத் தடம் வையுங்கள். சுவர் வெளியே சாய்ந்திருப்பதால், அந்தத் தடம் இல்லாவிட்டால் கைப்பிடியும் அதே சாய்வில் வெளியே புடைத்து எழும்.

இரண்டு பட்டையையும் மேசையில் தட்டையாக வைத்து ஒட்டாதீர்கள். ஒரு பட்டைக்குப் பசை தடவி, இரண்டையும் சேர்த்து ஒரு குவளையின் மேல் வளைத்துப் பிடித்து, அந்த நிலையிலேயே காயவிடுங்கள். வளைவில் வெளிப்பட்டை கொஞ்சம் அதிக தூரம் போக வேண்டும். ஈரமாக இருக்கும்போது அது நகர்ந்து தன் இடத்தைப் பிடித்துக்கொள்ளும், காய்ந்ததும் வளைவு அப்படியே நின்றுவிடும். தட்டையாக ஒட்டிக் காய்ந்த பட்டையை வளைத்தால் உள்பக்கம் சுருக்கம் விழுந்து எப்போதும் நிமிரப் பார்க்கும், அந்த இழுப்பும் ஒட்டின் மேல்தான் விழும்.  இன்னும் நம்பிக்கை வேண்டுமென்றால் சுவரிலும் கைப்பிடியிலும் 3 மி.மீ. துளையை மெஷினிலேயே வெட்டி, இரு கால் விரியும் பிராட் ஆணி ஒன்று போடுங்கள். மினுக்குத் தாளின் மேல் மட்டும் கைப்பிடியை ஒட்டாதீர்கள், பசை மினுக்கைத்தான் பிடிக்கும், தாளைப் பிடிக்காது.

கனமாக ஏதாவது வைப்பதாக இருந்தால் அடியில் 4.9 செ.மீ. பக்கமுள்ள அறுகோண அட்டை ஒன்றைப் போடுங்கள். ஒன்றரை மி.மீ. அட்டையைக் கையாலேயே வெட்டலாம்.

இதில் கை படிந்த பிறகு பின்னல் கூடைக்குப் போகலாம். ஒரு அடியிலிருந்து கதிர் மாதிரி எழும் பட்டைகள் பாவு, சுற்றி வரும் பட்டைகள் ஊடை. ஒரே நீளப் பட்டை சுழன்று மேலே ஏறுவதாக இருந்தால் பாவின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருக்க வேண்டும், அப்போதுதான் அடுத்த சுற்றில் மேலே போனது கீழே போகும். மேட்டின் அளவு காரணமாக நம் பட்டைகள் நீளம் குறைவு, ஒவ்வொரு சுற்றையும் தனி வளையமாகத்தான் மூட முடியும். அதற்கு இரட்டைப்படை வேண்டும். வளையத்தின் ஒட்டு ஒரு பாவுப் பட்டைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும்படி மூடுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நல்ல தாளை எடுக்கும் முன், எந்தக் கூடையானாலும் முதல் பிரதியை மலிவான வெள்ளை கார்டுஸ்டாக்கில், துளை வேலை இல்லாமல் வெட்டி ஒட்டிப் பாருங்கள். மடல் முட்டுகிறதா, மடிப்பு எந்தப் பக்கம் விழுகிறது, கைப்பிடி போதுமான நீளமா என்பதெல்லாம் அதிலேயே தெரிந்துவிடும். அந்த வெள்ளைக் கூடையைத் தூக்கிப் போடாமல், அதன் அடியில் பென்சிலால் எழுதி வையுங்கள்: தாள் எத்தனை ஜிஎஸ்எம், எந்த அமைப்பு, எத்தனை முறை வெட்டியது, ஸ்டைலஸ் எத்தனை முறை ஓடியது, எந்த மடலை எவ்வளவு குறைத்தது. என் மேசைக்கு அடியில் அப்படி ஒரு பெட்டி நிறைய வெள்ளைக் கூடைகள் இருக்கின்றன. புதிதாக ஒன்று செய்ய உட்காரும்போது முதலில் அந்தப் பெட்டியைத்தான் திறக்கிறேன்.